கீர்த்தனி ஒட்டிய கடல்

ஜெமீலின் விளம்பரப் பலகைக் கடை, திருகோணமலை நகரில் உட்துறைமுக வீதியிலிருந்து பிரிந்து போகும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. முன்பக்கம் கணினியும் பெரிய அச்சு இயந்திரமும். பின்பக்கம், கதவிடுக்குகளையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்த சின்ன அறை. அந்த அறையில் மின்விசிறி கிடையாது, இருந்ததையும் கழற்றியாயிற்று. காலையில் வந்ததும் கீர்த்தனி நிலத்துக்குத் தண்ணீர் தெளிப்பாள், தூசி எழும்பாமல் இருப்பதற்கு. நைலோன் துணி உடுத்தமாட்டாள். அது உரசினால் அக்ரிலிக் தகடு எங்கோ கிடக்கிற தூசியையெல்லாம் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். நெற்றியில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். ஒரு துளி வியர்வை விழுந்தால் ஒரு தகடு போச்சு.

மருந்துக்கடைகளிலும் ஹோட்டல் வரவேற்பறைகளிலும் கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு சுவரில் நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சடித்த படத்தின் முகத்தில் தெளிந்த பசைப்படலத்தை ஒட்டி, அந்த முகத்தை அக்ரிலிக் தகட்டின் முதுகோடு சேர்த்து உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்த வேண்டும். பிறகு பார்க்கிறவர்கள் தகட்டினூடாகத்தான் படத்தைப் பார்ப்பார்கள். ஒரு மயிரிழை சிக்கினாலும் வெள்ளிக்கம்பி மாதிரித் தெரியும். ஒருக்கால் ஒட்டினால் ஒட்டினதுதான். உரித்துத் திருப்பி ஒட்ட ஏலாது.

கீர்த்தனியின் ஊர் ஈச்சிலம்பற்று. சின்ன வயதில் யுத்தம் துரத்தியதில் தாய் தகப்பனோடு முகாம் முகாமாகத் திரிந்தவள். ஊருக்குத் திரும்பியபோது வயலும் இருந்தது, வீட்டுச் சுவர்களும் இருந்தன, தகப்பனுக்குத்தான் பழைய உடம்பு இல்லை. கணினி படிக்கவென்று நகரத்துக்கு வந்து, ஜெமீலின் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். எழுத்து வடிவமைப்பதற்குத்தான் எடுத்தார். ஆனால் அவள் கை நடுங்காத கை என்பதைக் கண்டு பின்னறையை அவளிடம் விட்டுவிட்டார்.

தர்சனை அவள் அந்தக் கடையில்தான் கண்டாள். திருக்கடலூர்ப் பொடியன். தான் தொழில் செய்கிற படகின் பெயரை ஸ்டிக்கரில் வெட்டுவிக்க வந்தவன், பிறகு அந்தப் பெயரில் ஒரு எழுத்து உரிந்துபோச்சென்று வந்தான். மறுபடியும் அதே எழுத்து உரிந்துபோச்சென்று வந்தபோது கீர்த்தனி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

“அந்த எழுத்தை நீங்கள்தானே உரிக்கிறீங்கள்?”

“ஓம்,” என்றான் அவன்.

கலியாணம் முடித்துத் திருக்கடலூரில் தர்சனின் தமையன் தவராசாவின் வளவிலேயே இரண்டு அறை எழுப்பிக் குடியிருந்தார்கள். தவராசாவுக்கும் அவர் மனைவி கமலேஸ்வரிக்கும் பிள்ளைகள் இல்லை. கமலேஸ்வரி மணமகளாக அந்த வீட்டுக்கு வந்தபோது தர்சன் பால்பல்கூட முழுதாக விழாத பிள்ளை. தாயைத் தின்றவன் என்று சனம் சொன்ன அந்தப் பிள்ளைக்கு அவள்தான் சோறு குழைத்துக் கொடுத்தாள். அண்ணி என்று கூப்பிட்டாலும் அவன் ஒட்டிக்கொண்டது தாயோடு ஒட்டுவதைப்போலத்தான். கீர்த்தனி அவளை அக்கா என்பாள், தவராசாவை அத்தான் என்பாள். ஒரே குசினி. ஒரே உலை.

அண்ணன் தம்பி இருவரும் படகு முதலாளி பாக்கியரத்தினம் சம்மாட்டியின் பலநாள் படகில் போனார்கள். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வெளிக்கிட்டால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்துவிட்டு வருவார்கள். அந்த முறையும் அப்படித்தான் போனார்கள், வேறு மூன்று பேரோடு. போய்க் கொஞ்ச நாளில் வங்கக்கடலில் தாழமுக்கம், புயலாகும் என்று வானொலியில் சொன்னார்கள். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இவர்களுடைய படகிலிருந்து குரல் வரவில்லை.

முதலில் சம்மாட்டி, “வயர்லஸ் பழுதாகியிருக்கும் பிள்ளை,” என்றார். பிறகு, “ஒதுங்கி எங்கேயும் நிப்பாங்கள்,” என்றார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துக் கதை கேட்கிறதையே பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். கடற்படைக்காரரும் தேடினார்கள், விமானமும் ஒருக்கால் சுற்றி வந்ததென்றார்கள். கமலேஸ்வரி விடிந்ததும் பஸ் ஏறிக் கொட்பேக்குப் போய், துறைமுகத்து வேலியோரம் நின்றுவிட்டு வெயில் ஏறின பிறகு வீட்டுக்கு வருவாள். சோறு போட்டால் சாப்பிடுவாள். போடாவிட்டால் கேட்கமாட்டாள்.

அந்த நேரத்தில்தான் நிலாவெளியில் புதிதாகக் கட்டி முடிக்கிற ஹோட்டல் ஒன்றின் வேலை கடைக்கு வந்தது. வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கடல். மேலிருந்து எடுத்த படம், மூன்று பெரிய தகடுகளில் பிரித்து ஒட்ட வேண்டும். கரையோரப் பச்சையில் தொடங்கி, நடுவில் நீலமாகி, மூன்றாவது தகட்டில் கருநீலம் மட்டும். ஒரு படகுகூட இல்லாத கடல்.

ஜெமீல் படத்தை அச்செடுத்துவிட்டு அவளைக் கூப்பிடத் தயங்கினார்.

“தங்கச்சி, இதை நீ செய்ய வேணாம். கிண்ணியாவில எனக்குத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் இருக்கான், அவனைக் கூப்பிடுறன். நீ வீட்ட போய் இரு.”

“வீட்டில இருந்து என்ன செய்யிறது, நானா?” என்றாள். ஜெமீலை அண்ணன் முறைக்கு நானா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

“இந்தப் படத்தை எப்படிப் பார்த்துக்கொண்டு ஒட்டுவாய்?”

“படத்தை நான் பார்க்கிறேல்லை. தூசியைத்தான் பார்க்கிறனான்.”

அது பொய். அன்று முழுவதும் அவள் படத்தைத்தான் பார்த்தாள். படலத்தை வெட்டும்போது, ஓரம் சரிபார்க்கும்போது, கருநீலத்தின் மேல் குனிந்து தூசி துடைக்கும்போது, எங்கேயாவது ஒரு வெள்ளைப் புள்ளி இருக்காதா என்று அவள் கண் தேடியது. தூசியாக இருந்தாலும் சரி என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கையில் பசை மணத்தது. கமலேஸ்வரிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

“கடலை ஒட்டுறியாமே,” என்றாள்.

கீர்த்தனி செம்பை எடுத்துக் கையைக் கழுவினாள்.

“நான் அங்க வேலியில நிக்கிறன். நீ அந்தக் கடலை ஹோட்டலுக்கு வடிவாக்கிக் குடுக்கிறாய். உனக்கு எப்படி மனம் வருகுது?”

“வேலையை விட்டிட்டு இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிரும் அக்கா.”

“எனக்குப் பிடிக்காதோ?”

இருவரும் ஒரே குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு உலை வைக்கவில்லை. பாண் துண்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

மூன்றாவது தகட்டை ஒட்டுகிற நாள் வந்தது. அந்த அறைக்குள் தொலைபேசி கொண்டுபோகக் கூடாதென்பது கீர்த்தனியே போட்ட சட்டம். அதை அவளே மீறிக்கொண்டிருந்தாள். தொலைபேசி மூலை அலுமாரியின் மேல் கிடந்தது. பெரிய படம் என்பதால் ஜெமீலும் உள்ளே வந்து, படத்தின் மறுநுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பசையின் மேலிருந்த தாளை உரித்து, முன்விளிம்பைத் தகட்டில் பதித்து, கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினாள். உருளை மெதுவாகக் கருநீலத்தை உள்ளே இழுத்தது. இந்த வேலையில் இடையில் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு பிறகு எதற்கும் போகாது.

பாதி போயிருக்கும். தொலைபேசி அடித்தது.

ஜெமீல் அவளைப் பார்த்தார். இரண்டு கையாலும் படத்தைப் பிடித்திருந்ததால் அவரால் அசைய முடியாது.

“தங்கச்சி...”

“விடாதீங்கோ நானா. அது அடிக்கட்டும்.”

அவள் சுற்றிக்கொண்டேயிருந்தாள். வேலைக்காக அல்ல. தகடாவது மண்ணாவது. எடுத்தால் ஒரு செய்தி வரும். எடுக்காத வரைக்கும் தர்சன் எங்கேயோ ஒரு படகில் குந்திக்கொண்டிருக்கிறான். அந்தப் படகை அவள் கைதான் சுற்றிச் சுற்றி மிதக்க வைத்துக்கொண்டிருப்பதைப்போல இருந்தது. தொலைபேசி அடித்து ஓய்ந்தது. அறையில் உருளையின் முனகல் மட்டும் கேட்டது.

மறுபடியும் அடித்தது. இந்த முறை அவள் கை தானாகவே நின்றுவிட்டது. போய் எடுத்தாள்.

பாக்கியரத்தினம் சம்மாட்டி. அவருடைய மூச்சுத்தான் முதலில் வந்தது.

“பிள்ளை, கீர்த்தனி. படகைக் கண்டிட்டாங்கள். அந்தமான் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கு. ஒரு கப்பல்காரர் ஏத்தியிருக்கினம். தர்சன் இருக்கிறான். பேர் வந்திட்டுது, நானே கேட்டனான். தர்சன் இருக்கிறான்.”

அவள் நிலத்தில் குந்திவிட்டாள். காலையில் தெளித்த தண்ணீர் பாவாடையில் ஊறியது.

“அத்தான்?” என்றாள்.

“நாலு பேர்தான் பிள்ளை. தவராசா இல்லை.” பிறகு, “கமலேஸ்வரிக்கு நான் சொல்ல ஏலாது. என்ர வாயால ஏலாது. நீ சொல்லு, அம்மா,” என்றார்.

ஜெமீல் படத்தின் நுனியை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றார். உருளை நின்ற இடத்தில், கருநீலத்தின் குறுக்கே கோடு விழுந்திருந்தது.

அவரே ஓட்டோ பிடித்து அவளை ஏற்றிவிட்டார். திருக்கடலூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அந்தப் பயணத்தைப் போல ஒரு பயணத்தைக் கீர்த்தனி அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. அவளுடைய நெஞ்சுக்குள் சந்தோசம் பொங்கியது. அடக்க அடக்கப் பொங்கியது. சிரிப்பு வந்தது, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இன்னொரு பெண்ணின் தலையில் இடி விழப்போகிறது, அந்த இடியைத் தானே கொண்டுபோகிறேன், எனக்குச் சிரிப்பு வருகிறதே, நான் என்ன பிறவி என்று நினைத்தாள். கண்ணாடியில் பார்த்த ஓட்டோக்காரர் அவள் அழுகிறாளென்று எண்ணி, “பயப்படாதீங்க தங்கச்சி, ஒண்ணும் நடக்காது,” என்றார்.

வாசலில் இறங்கி முகத்தைத் துடைத்தாள். இரண்டு தரம் துடைத்தாள். கொட்பேயிலிருந்து வந்து, பின்வளவில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கமலேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். தேங்காய்ப் பாதி அவள் கையில் அப்படியே நின்றது.

“தர்சன் இருக்கிறானோ?” என்றாள்.

கீர்த்தனி ஓமென்று தலையை ஆட்டினாள்.

“உன்ர முகத்தில தெரியுது.” கமலேஸ்வரி கண்ணை மூடினாள். “என்ர பிள்ளை இருக்கிறான். அம்மாளாச்சி.”

தன் புருசனைப் பற்றி அவள் கேட்கவில்லை. கண்ணைத் திறந்த பிறகும் கேட்கவில்லை. கீர்த்தனி கிட்டப் போய் அவள் தோளைத் தொட்டாள். அந்தத் தோள் கல்லாக இருந்தது.

“அக்கா...”

“சொல்லாத.”

“அக்கா, அத்தான்...”

“சொல்லாத எண்டு சொன்னனான்,” என்று கமலேஸ்வரி தொடர்ந்து துருவினாள். தேங்காய் முடிந்து சிரட்டையும் துருவுப்பட்டது. விரல் கீறி இரத்தம் தேங்காய்ப்பூவில் விழுந்தது. அப்போதுதான் கீர்த்தனி அவள் கையிலிருந்து சிரட்டையைப் பறித்தாள்.

தர்சன் திரும்பி வர ஒரு மாதமாகிவிட்டது. விமான நிலையத்திலிருந்து சம்மாட்டி வான் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். கன்னம் ஒட்டி, தோல் உரிந்து, வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு இறங்கினான். கமலேஸ்வரி அவனைக் கட்டிப்பிடித்து உச்சி மோந்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலால் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணாவைக் கடலிலதான் விட்டனாங்கள், அண்ணி,” என்றான் அவன்.

“நீ களைச்சிருக்கிறாய். சாப்பிடு,” என்றாள்.

அவள் பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. உடம்பைக் காணாமல் எந்தக் கிரியையும் இந்த வளவில் நடக்காதென்று சொந்தக்காரரின் முகத்துக்கு நேரே சொன்னாள். பெரியவர்கள் கீர்த்தனியிடம் வந்தார்கள். உன்ர கடையில தவராசாவின்ர படத்தை வடிவாக ஒட்டிக் கொண்டுவா, படம் ஒண்டு சுவரில ஏறினால் அவளுக்கும் மனம் ஏறும் என்றார்கள். அதை ஒட்டுக் கேட்ட கமலேஸ்வரி குசினியிலிருந்து கத்தவில்லை. வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்:

“நீ ஒட்டினால் உரிக்க ஏலாது எண்டு எனக்குத் தெரியும். ஒட்டாத.”

மறுநாள் விடியவும் கொட்பேக்குப் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். கப்பல்காரர் கண்டது ஒரு படகைத்தானே, இன்னொரு கப்பல் வேறு ஆளைக் கண்டிருக்காதா என்று துறைமுகத்துச் சனத்திடம் கேட்டாள். அவர்கள் முதலில் இரங்கினார்கள். பிறகு விலகிப் போனார்கள்.

தர்சன் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். கதவைத் திறந்தால் கடற்சத்தம் கேட்கிறதென்று மூடச் சொல்வான். மூடினால் மூச்சு முட்டுகிறதென்று திறக்கச் சொல்வான். ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, கீர்த்தனியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னான். புயலில் எஞ்சின் நின்றது. தமையன் கீழே இறங்கித் திருத்தப் போனபோது படகு ஒரு பக்கம் சாய்ந்ததில் அவர் கால் எஞ்சின் இரும்புகளுக்குள் அகப்பட்டுக் கிழிந்தது. காயத்தில் உப்புத்தண்ணீர். கால் வீங்கிக் கறுத்தது. காய்ச்சல். படகில் இருந்த மருந்து ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் அறிவு தெளிந்த ஒரு நேரத்தில் தம்பியைக் கூப்பிட்டு, செத்தால் நங்கூரத்தோடு கட்டிவிடு, மிதந்து திரிய விடாதே என்று கேட்டார்.

“கட்டினனான்,” என்றான் தர்சன். “அந்த ஆழத்தில நங்கூரத்தால வேற என்ன பிரயோசனம். என்ர கையாலதான் கட்டினனான். அவ ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துக்கொண்டு நிக்கிறா. அண்ணா வரமாட்டார். நான் வரமுடியாமல் செய்துபோட்டன்.”

“இதை அவவுக்குச் சொல்லுங்கோ.”

“ஏலாது.”

“நான் ஒருக்கால் சொல்லப் போய்ச் சொல்ல முடியாமல் வந்தனான். நான் சொன்னால் அது கேள்விப்பட்ட கதை. நீங்கள் செய்தனீங்கள். நீங்கள்தான் சொல்ல வேணும்.”

அவன் எழும்பப் பல நாள் சென்றது. ஒரு பின்னேரம் அண்ணியின் முன்னால் போய்க் குந்தினான். கீர்த்தனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. கால் கறுத்ததைச் சொன்னான், அதன் மணத்தைச் சொன்னான், நங்கூரத்தைச் சொன்னான். கமலேஸ்வரி அவனை அடிப்பாள் என்றுதான் கீர்த்தனி எதிர்பார்த்தாள்.

கமலேஸ்வரி கேட்டது ஒன்றுதான்.

“இறுக்கிக் கட்டினனியோ?”

“ஓம் அண்ணி. அண்ணா பழக்கின முடிச்சு.”

“அவிழாதே?”

“அவிழாது.”

அதன் பிறகுதான் அவள் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். செய்தி வந்து எவ்வளவோ நாளான பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் செத்தவீடு நடந்தது.

அந்தியேட்டி என்ற இறுதிக் கிரியைக்கு முன்னர் ஒரு காலையில் கமலேஸ்வரி கடைக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே கால் வைத்ததில்லை. முந்தானைக்குள்ளிருந்து தவராசாவின் கடற்றொழில் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். சிரிக்காத முகம். நெற்றியில் திருநீறு.

“வேற படம் இல்லையோ அக்கா?”

“கலியாணப் படம் வெள்ளத்தில போச்சு. இதுதான் அவர்.”

ஜெமீல் அதைப் பெருப்பித்து அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, தான் வெளியே நிற்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கீர்த்தனி கமலேஸ்வரியின் நெற்றியிலும் ஒரு துண்டைக் கட்டிவிட்டாள். அழக்கூடாது, இதில் ஒரு சொட்டு விழுந்தால் திருப்பித்தான் செய்ய வேணும் என்றாள். கமலேஸ்வரி சரியென்றாள். நுனியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். கைப்பிடி சுற்ற, திருநீறு போயிற்று, கண் போயிற்று, மூக்கும் வாயும் தகட்டின் பின்னால் போயின. அவள் சொன்னபடி ஒரு சொட்டும் விழவில்லை. உதட்டைக் கடித்த இடத்தில் மட்டும் இரத்தம் கசிந்தது.

தகட்டைத் திருப்பி வைத்ததும் அவர் தெளிவாக, வயது குறைந்தவரைப்போல இருந்தார்.

“குளிருதோ எண்டு கேக்க வேணும் போல இருக்கு,” என்றாள் கமலேஸ்வரி.

கீர்த்தனி தகட்டின் ஓரத்தை ஒருமுறை துடைத்துவிட்டு அதை அவள் கையில் கொடுத்தாள்.

தர்சன் ஆழ்கடலுக்குப் போகவில்லை. போகவும் ஏலாது, படகில் கால் வைத்தால் சாப்பிட்டதையெல்லாம் சத்தியெடுக்கிறான். நிலாவெளியில் கரைவலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து, மணலில் கால் ஊன்றிக்கொண்டு கயிறு இழுக்கிறான். இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கமாட்டான். கீர்த்தனி முந்திய மாதிரியே கடைக்குப் போய் வருகிறாள். கமலேஸ்வரி கொட்பே பஸ்ஸில் ஏறுவதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் தொலைபேசி அடித்தவுடன் எடுப்பதில்லை. அடிக்கும், மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பிறகு யாராவது ஒருவர் எழும்பிப் போவார்கள்.